தொராஜிப் புகை

எங்கள் சோல்ஜின் படகுத்துறையில் மீன் வாடையை யாரும் வாடை என்று சொல்வதில்லை. சிகரெட் வாடையைத்தான் சொல்வார்கள், அதுவும் பொம்பளை மேல் வீசினால். ஆம்பளை படகில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று ஊதித் தள்ளினால் அது களைப்பு. பொம்பளை ஊதினால் அது குணக்கேடு. இந்த நியாயத்தை யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. ஆள் கையில் கிடைத்தால் கணவாய் மீன் அறுக்கிற கத்தியை வைத்துக்கொண்டே பேசுவேன்.

மியோங்-ஓக் இருபது வருஷமாகக் கொட்டகைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது இதனால்தான். கணவாய் அறுக்கும் கொட்டகையில் அவள் எனக்கு இடப்பக்கத்து முக்காலி. அறுத்து, குடல் நீக்கி, கழுவி, கழியில் கோத்து, கடற்காற்றில் தொங்கவிடுவோம். அந்தக் கழிகளுக்கும் கடற்சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அங்கே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து புகைத்துவிட்டு வருவாள். "கை கழுவிட்டு வரேன்க்கா" என்று போவாள், வரும்போது வாயில் இஞ்சி மிட்டாய் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். நாங்களும் சோறு மட்டும்தான் தெரிகிறது என்று சொல்லிவந்தோம்.

இந்த வருஷம் வசந்தத்தில் அரசாங்க உடல் பரிசோதனையில் அது வெளியே வந்தது. மூச்சுக்குழல் சுருங்க ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் இன்னும் சில வருஷத்தில் மேட்டிலிருக்கிற உங்கள் வீட்டுக்கே உங்களால் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் தன் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள்தான் துணைக்கு இழுத்துப் போயிருந்தாள்.

புருஷன் தொக்-ஜே கணவாய்ப் படகில் எஞ்சின்காரன். பேச்சு குறைவு, கை நிறைய வேலை தெரியும். அவள் அழுது முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நீ இஞ்சி மிட்டாய் வாங்க ஆரம்பிச்சதிலேர்ந்து. உனக்குத்தான் இஞ்சின்னாலே ஆகாதே."

சிகரெட்டை விட நிக்கோட்டின் ஒட்டுப் பட்டை ஒட்டிப் பார்த்தாள், மருந்து மென்று பார்த்தாள். இரண்டும் ஒரு வாரத்துக்குமேல் தாங்கவில்லை. கடைசியில் மின்சிகரெட்டுக்கு வந்தாள். அது பிடித்துக்கொண்டது. வசந்தத்தில் விட்ட சிகரெட்டை இலையுதிரும் காலம்வரை அவள் தொடவே இல்லை. மேட்டுப் படியில் நடுவில் நிற்காமல் ஏறினாள், ஏறிவிட்டு மேலே நின்று எங்களைப் பார்த்துக் கை வேறு ஆட்டினாள். ஒரே குறைதான். கடையில் விற்கிற திரவமெல்லாம் தித்திப்பு. மாம்பழம், திராட்சை சோடா, தர்பூசணி ஐஸ்.

"அக்கா, அம்பது வயசுக்கு மேல நான் ஏன்கா திராட்சை சோடாவை ஊதணும்?" என்பாள். "சிகரெட்டு கசக்கும். ஆனா பெரிய மனுஷிக்குச் செஞ்சதுன்னாவது தெரியும்."

அப்போதுதான் தொக்-ஜே இந்த விஷயத்தில் இறங்கினான். கடல் சூடாகிக் கணவாய் வடக்கே போய்விட்டதால் படகு பாதி நாள் கட்டிக்கிடந்தது. வேலை பழகின கை சும்மா இருக்குமா? மின்சிகரெட் ஊதுகிறவர்கள் நாடு முழுக்கத் தங்கள் திரவத்தைத் தாங்களே கலந்துகொள்கிறார்கள் என்று கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டான். கிளிசரின், இன்னொரு நீர்த்த திரவம், அளவாக நிக்கோட்டின், வாசனைக்கு எசன்ஸ். ஒரு பருவத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலந்து, இருட்டில் வைத்துப் பதமாக்குவார்கள். இந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கிற பேரே கிம்ஜாங். வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன்னால் வீடு வீடாகக் கோஸில் ஊறுகாய் மாதிரிக் கிம்ச்சி போட்டு நிரப்புகிறோமே, அதே கிம்ஜாங். தொக்-ஜேவுக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துவிட்டது.

"இந்த வருஷம் நம்ம வீட்ல ரெண்டு கிம்ஜாங். கோஸ் உங்களுது, புட்டி என்னுது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

முதல் தடவை புதினா எசன்ஸை ரெண்டு சொட்டு விட்டுக் கொடுத்தான். "பல்லு விளக்கின மாதிரி இருக்கு, பரவால்ல" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

நவம்பர் பிறந்து காற்று வடகிழக்குக்குத் திரும்பியபோது அவள் இருமத் தொடங்கினாள்.

முதலில் குளிர் என்று நினைத்தோம். கொட்டகையில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும் காலம் அது. ஆனால் அவள் இருமல் வேறு மாதிரி. கணவாயைக் கையில் எடுப்பாள், கத்தியை வைப்பாள், உடனே கத்தியைக் கீழே போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் நிற்கும்.

"சந்துக்குப் போய்ட்டு வந்தாத்தான் ஜாஸ்தியாகுது, கவனிச்சியா?" என்றேன்.

"புது திரவம்க்கா. குளிர்காலக் கிம்ஜாங். மொதல் புட்டியை முந்தாநாள்தான் தொறந்தோம். பழகிடும்."

"கிம்ச்சியா பழகிப் புளிக்கிறதுக்கு?"

சிரிக்கப் பார்த்தாள், அதுவும் இருமலாகப் போனது. மூச்சு திரும்பியதும் மெதுவாகச் சொன்னாள்: "தொண்டையில என்னமோ தீயுதுக்கா. கருகின வாடை. அவருகிட்ட சொல்ல மனசு வரல. எவ்ளோ ஆசையா கலந்திருக்காரு தெரியுமா? ஒரு பெரிய டப்பா நெறைய. புட்டிக்குப் புட்டி தேதி ஒட்டி வச்சிருக்காரு."

"ஆசையா கலந்தா நெஞ்சு அறுபடாதா?"

மத்தியானம் ஐஸ் ஏற்றிவந்த லாரிக்காரன் வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். மியோங்-ஓக் எழுந்து நேராக அவனிடம் போனாள். கொட்டகைப் பெண்கள் இத்தனை பேர் பார்க்க, ஒரு ஆம்பளையிடம் கை நீட்டி, "ஒண்ணு குடுங்க" என்றாள். இருபது வருஷம் மறைத்தவள் அன்றைக்கு மறைக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

சந்துக்குள் அவள் பின்னாலேயே போனேன். பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். சிகரெட் விரலிடுக்கில் இருந்தது, பற்றவைக்கவில்லை. கையுறை ஈரத்தில் காகிதம் நனைந்துகொண்டிருந்தது.

"இதான் இருமாம ஊதுறதுக்கு இருக்கிற ஒரே சாமான்" என்றாள். "வேடிக்கையா இல்ல? நெஞ்சுக்கு நல்லதுன்னு மாறினேன், நெஞ்சு கெட்டுது. பேசாம பழசுக்கே போயிடறேன்க்கா. மேட்டு வீட்ட வித்துட்டுக் கீழ வந்துடறோம்."

"போடி பைத்தியக்காரி. படியில நிக்காம ஏறிட்டு மேல நின்னு கை ஆட்டினவ யாரு? என் ஆத்தாவா?"

பெட்டியிலிருந்து எழுந்தாள். அப்புறம் அந்த நனைந்த சிகரெட்டை என் கையில் வைத்தாள். நான் அதை என் கையுறைக்குள் திணித்துக்கொண்டேன். அது அங்கே தூளாகி, பிறகு ஒரு வாரம் என் கையில் புகையிலை வாடை அடித்தது, அது வேறு கதை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் கோஸை உப்பில் ஊறப்போடும் வேலை இருந்தது. அவள் வீடு, என் வீடு, பக்கத்து வீடு என்று மூன்று வீட்டுக்கும் சேர்த்து முற்றத்தில் கோஸ் மலைபோல் குவிந்திருந்தது. நான் பிளக்க, அவள் உப்பைத் தூவ, தொக்-ஜே உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்த, பாதி வேலை பேச்சில்லாமல் நடந்தது. திரும்ப அந்த இருமல் வந்தது. உப்புக் கையோடு குனிந்தாள்.

"குளிரு" என்றான் தொக்-ஜே. "உள்ள போய் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வா. இந்தத் தடவை போட்டது நெஞ்சுக்கு ரொம்ப நல்லது."

மியோங்-ஓக் நிமிர்ந்தாள். "நெஞ்சுக்கு நல்லதுன்னா?"

அவன் வாயைச் சட்டென்று மூடிக்கொண்டான். எஞ்சின்காரர்களுக்குப் பொய் வராது. வந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் கை கழுவாமலே உள்ளே போய் மின்சிகரெட்டை எடுத்து வந்து, முற்றத்து விளக்கடியில் கழற்றினாள். உள்ளே இருக்கிற சின்னக் கம்பிச்சுருளை வெளியே எடுத்து என் கண்முன் நீட்டினாள். சட்டியில் வெல்லம் அடிப்பிடித்தால் எப்படி இருக்கும், அப்படிக் கரியாகப் பொருக்குத் தட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"சக்கரை. கருகின சக்கரை. ஏங்க, இதுல என்னத்தக் கலந்தீங்க?"

"எசன்ஸ்தான்."

"எந்த எசன்ஸு?"

அவன் ஒரு கோஸைத் தொட்டிக்குள் அழுத்தினான்.

"சே-வோன் அப்பா, உங்களத்தான் கேக்கறேன்." பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"தொராஜி" என்றான்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்ததும் கோஸைக் கீழே போட்டுவிட்டேன். தொராஜிக் கிழங்கைப் பேரிக்காயோடும் தேனோடும் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சி இறக்கும் லேகியம் எங்கள் பக்கத்தில் இல்லாத வீடு கிடையாது. குழந்தை இருமினால் அது, பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டினால் அது, மகன் பட்டாளத்துக்குப் போனால் பெட்டியில் முதலில் வைப்பது அது. நெஞ்சுக்கு அதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். நானும்தான்.

"நானே காய்ச்சினேன்" என்றான் அவன், தொட்டியைப் பார்த்துக்கொண்டு. "மலைக்காரங்ககிட்ட பழைய கிழங்கா பார்த்து வாங்கினேன். ஒரு முழுநாள் அடுப்பு பக்கத்துலயே நின்னு கிண்டினேன். புட்டிக்கு ஒரு கரண்டி. வாயில குடுத்தா வயித்துக்குப் போய் சுத்திக்கிட்டு நெஞ்சுக்கு வரணும். இப்படிக் குடுத்தா நேரா நெஞ்சுக்கே போயிடுமேன்னு..."

"நேரா நெஞ்சுக்கே!" மியோங்-ஓக் கத்தினாள். "தேன தீயில வச்சா என்னாகும்? வெல்லத்த வெறும் சட்டியில போட்டா என்னாகும்? கல்யாணமான நாள்லேர்ந்து நான் சட்டி தேய்க்கிறதப் பார்த்ததே இல்லியா நீங்க? அந்தக் கரியையெல்லாம் நான் மூச்சோட இழுத்திருக்கேன்!"

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"நல்லது! நல்லதாலயே என்னைக் கொன்னுடுவீங்க போலிருக்கு! இன்னிக்கு லாரிக்காரங்கிட்ட கை நீட்டினேன், தெரியுமா உங்களுக்கு? எல்லாரும் பார்க்க!"

தொக்-ஜே அப்படியே குளிர்ந்த தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். உப்புத்தண்ணீர் அவன் கால்சட்டையை நனைத்தது, அவன் நகரவில்லை. படகு முழுகின மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்கு இரண்டு பேர் மேலும் பரிதாபமாக இருந்தது. ஒருத்தி பாவம், மூச்சு. ஒருத்தன் பாவம், முழுநாள் கிண்டினவன்.

அவன் மெல்லச் சொன்னான்: "சக்கரை இல்லாததும் இருக்கு. புதினா எண்ணெய், சுத்தமானது, வாங்கி வச்சிருக்கேன். கலப்படமே இல்லாத எண்ணெய்."

மியோங்-ஓக் என்னைப் பார்த்தாள். "அக்கா, எண்ணெய் தண்ணியில கரையுமா?"

"என் வீட்ல கரைஞ்சதில்ல."

"அப்ப என் நெஞ்சுக்குள்ள போய் அது எங்க நிக்கும்?"

அதற்கு எங்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பது தெரிந்ததே பெரிய காரியம் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டவுன் சுகாதார நிலையத்துக்குப் போனோம். தொக்-ஜே தன்னிடமிருந்த எசன்ஸ் புட்டி எல்லாவற்றையும் ஒரு கிம்ச்சி டப்பாவில் போட்டு, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். வழியெல்லாம் பஸ் முழுக்கப் பூண்டும் வெனிலாவும் மணத்தது. முன்சீட்டுக்காரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

புகை நிறுத்தும் பிரிவில் பாங் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். மியோங்-ஓக்குக்கு முன்பு ஒட்டுப் பட்டை கொடுத்தவள் அவள்தான். டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினாள். வருகிறவர்களையெல்லாம் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பா, இது ஆஸ்பத்திரி. பேக்கரி எதிர்ல இருக்கு."

தொக்-ஜே எழுந்து நின்று, குனிந்து வணங்கி, தொராஜிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. எந்தக் கரண்டி என்பதுவரை சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மியோங்-ஓக்கின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள், டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். படம் எடுத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தொக்-ஜேவின் கை நிற்கவே இல்லை. டப்பாவின் மூடியைத் திறப்பான், மூடுவான்.

"எரிச்சல்தான். புண்ணா ஆகல" என்று பாங் வந்து சொன்னதும் அவன் அந்த மூடியைக் கீழே போட்டுவிட்டான்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் பாங். "நான் இங்க நிறுத்தச் சொல்லத்தான் இருக்கேன், கலக்கச் சொல்லித்தர இல்ல. இதுல எது நல்லதுன்னு கேட்டா என் வாயால வராது. மூச்சுல இழுக்க நல்லதுன்னு ஒரு எசன்ஸும் கெடையாது. எது கண்டிப்பா கெட்டதுன்னு மட்டும் சொல்லுவேன்."

"அது போதும்மா" என்றாள் மியோங்-ஓக்.

"எல்லாத்துலயும் 'உணவுக்கு உகந்தது'ன்னு போட்டிருக்கே" என்றான் தொக்-ஜே, தயங்கித் தயங்கி.

"உணவுக்குத்தான் அப்பா. வயித்துக்கு அரைக்கத் தெரியும், வேண்டாததை வெளிய தள்ளத் தெரியும். நெஞ்சுக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்குக் காத்து ஒண்ணுதான் தெரியும்."

பிறகு புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். புதினா எண்ணெயை முதலில் ஓரம் வைத்தாள். எண்ணெய் எதுவானாலும், பூவிலிருந்து எடுத்தாலும் மலையிலிருந்து எடுத்தாலும், நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிச் சீழ் மாதிரிக் கெடுக்குமாம். தேன், சர்க்கரை, பாகு வகையெல்லாம் அதே ஓரம். வெண்ணெய் வாசனைப் புட்டியைப் பார்த்ததும் தொக்-ஜே, "அது பாப்கார்ன் வாசனை, ரொம்ப நல்லா இருக்கும்" என்றான்.

"அந்த வாசனைப்பொடி போட்ட ஆலையில வேலை பார்த்தவங்க நெஞ்சுதான் மொதல்ல கெட்டுது அப்பா. சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகல. மூச்சுல இழுத்தவங்களுக்கு ஆச்சு." அதுவும் ஓரம். கஸ்டர்டு, வெனிலா கிரீம் அதன் பின்னால். பட்டை எசன்ஸ் தொண்டையை அரிக்கும், ஓரம். ஒட்டுச்சீட்டே இல்லாத ஒன்றை எடுத்து, "இது என்ன?" என்றாள்.

"தெரியல. இலவசமா குடுத்தான்."

"தெரியாததை அம்மாவுக்குக் குடுப்பீங்களா?"

அவன் தானே அதை எடுத்து ஓரத்தில் வைத்தான்.

கடைசியில் மேஜையில் இரண்டே புட்டிகள் நின்றன. பழைய புதினா எசன்ஸ் ஒன்று, பேரிக்காய் ஒன்று. இரண்டும் இதற்கென்றே செய்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாக எழுதியிருந்தது, எண்ணெயும் சர்க்கரையும் இல்லை. "இதுவும் நல்லதுன்னு நான் சொல்லல" என்று திரும்பவும் சொன்னாள் பாங். "போட்டே ஆகணும்னா இதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, ரெண்டு சொட்டு. நிக்கோட்டினை ஒவ்வொரு தடவையும் கொறச்சுக்கிட்டே வாங்க. அதக் கலக்கும்போது கையுறை போடுங்க அப்பா, அது தோல்ல பட்டாலே விஷம். பழையத சாக்கடையில ஊத்தாதீங்க, இங்க கொண்டாங்க. இருமல் முழுசா அடங்கற வரைக்கும் எதையும் ஊதாதீங்க, ஒட்டுப் பட்டை தரேன். என்ன ஆனாலும் அந்த லாரிக்காரர்கிட்ட போகாதீங்க."

மியோங்-ஓக் என்னை முறைத்தாள். லாரிக்காரன் விஷயத்தை நான் எப்போது சொன்னேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஒட்டுப் பட்டையோடு அவள் எப்படியோ ஓட்டினாள். எரிந்து விழுந்தாள், என் கத்தி சரியில்லை என்றாள், கணவாய் சரியில்லை என்றாள், பொதுவாக உலகமே சரியில்லை. ஆனால் இருமல் மெல்ல மெல்ல இறங்கியது. கோஸை நிரப்புகிற நாள் வந்தபோது அவள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தும் மூச்சு வாங்கவில்லை.

முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முள்ளங்கிச் சீவல், மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறின இறால், எங்கள் கரை வழக்கப்படி பச்சைக் கணவாய்த் துண்டு. இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இலை இலையாகப் பிரித்து மசாலாவைத் தடவினோம். அடுப்பில் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. மூலையில் தொக்-ஜே ஒரு சின்ன மேஜை போட்டு, துல்லியத் தராசு, கிளிசரின், அந்த இரண்டு புட்டிகள் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கையிலும் இளஞ்சிவப்புக் கையுறை.

"ஏங்க! அது என் கிம்ச்சி கையுறை இல்லியே?" என்று கத்தினாள் மியோங்-ஓக்.

"இல்ல. முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன் பாரு. முடிச்சுப் போட்டது விஷம், முடிச்சில்லாதது கிம்ச்சி."

"மாறிடுச்சுன்னா மூணு வீடும் காலி" என்றேன்.

"மாறாது அக்கா. ஒரு தடவை பட்டாச்சு."

அவன் இரண்டு புட்டியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். மிளகாய் பூசின கையோடு அவள் அவற்றைத் தொடாமல் பார்த்தாள்.

"புதினாவா, பேரிக்காயா?" என்றான். "நீயே சொல்லு. இனிமே நான் முடிவு பண்ண மாட்டேன்."

அவள் ஒரு கோஸை முழுசாகத் தடவி முடித்துச் சுருட்டிக் கட்டி டப்பாவில் வைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"ரெண்டும் வேணாம். ஒண்ணும் போடாம கலங்க."

"ஒண்ணும் போடாமயா? வெறும் தண்ணி மாதிரி இருக்கும். உனக்குப் பிடிக்காம போச்சுன்னா? திரும்ப அந்த லாரிக்காரங்கிட்ட..."

"பிடிக்கணும்னு யாரு சொன்னா? பிடிச்சா விடவே மாட்டேன்." கையுறையோடு நெற்றியைத் தேய்த்தாள், நெற்றியில் மிளகாய் ஒட்டியது. "ஒட்டுப் பட்டையோட சும்மா கெடந்தப்ப யோசிச்சுப் பார்த்தேங்க. நான் ருசிக்காகவா அந்தச் சந்துக்குப் போனேன்? மாம்பழமும் இல்ல, புதினாவும் இல்ல, சிகரெட்டு கசப்பும்கூட இல்ல. கொட்டகையில உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் 'மியோங்-ஓக், கத்தி', 'மியோங்-ஓக், தண்ணி', வீட்டுக்கு வந்தா 'அம்மா', 'சே-வோன் அம்மா'. அங்க போய் உக்காந்தா ஒரு அஞ்சு நிமிஷம் யாரும் கூப்புட மாட்டாங்க. சும்மா உக்காந்தா சோம்பேறின்னுவாங்க. கையில ஏதோ இருந்தா, சரி, ஏதோ பண்றான்னு விட்டுடுவாங்க. அதுக்குத்தான்."

இருபது வருஷமாக அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, 'மியோங்-ஓக், தண்ணி' என்று அதிகம் சொன்ன வாய் என்னுடையதுதான். கோஸுக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

தொக்-ஜே இரண்டு புட்டியையும் எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனான். முடிச்சுப் போட்ட கையுறையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் திரவத்தைக் கலந்தான். நிக்கோட்டினை முன்பு போட்டதில் பாதிதான் போட்டான். ஒரே ஒரு புட்டி. அதற்குமேல் கலக்கவில்லை.

"குளிர்காலம் முழுக்க ஒரு புட்டியா?" என்றேன்.

"தீர்ந்தா பார்ப்போம் அக்கா."

மியோங்-ஓக் புதுக் கிம்ச்சியின் உள்ளிலையை ஒன்று கிழித்து, சூடான இறைச்சித் துண்டை அதில் சுருட்டி, "வாயத் தொறங்க" என்று அவன் வாயில் திணித்தாள். மிளகாய்க் காரத்தில் அவன் கண் கலங்கியது. மிளகாய்தான் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த வாரம் வடக்கே போன கணவாய் எங்கிருந்தோ கொஞ்சம் திரும்பி வந்து, கொட்டகையில் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை. காலை பத்து மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. தொக்-ஜே. படகிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான்.

"எழுந்திரு" என்றான் மியோங்-ஓக்கிடம்.

"ஏன்? என்னாச்சு? சே-வோனுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் ஆகல. எழுந்திரு. போய் உக்காந்துட்டு வா. உன் எடத்துல நான் இருக்கேன். யாராவது கூப்புட்டா நான் 'ஏன்'ங்கறேன்."

கொட்டகை முழுக்க ஒரு நொடி கத்தி நின்றது. பிறகு சிரிப்பு வெடித்தது. ஆம்பளை கணவாய் பிடிப்பான், தின்பான். அறுக்க உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"அண்ணே, ஸ்பானர் எடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள் ஒருத்தி.

"கணவாய்க்கு நட்டு எந்தப் பக்கம்ணே?" என்றாள் இன்னொருத்தி.

அவன் காது சிவக்க, அவள் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். மியோங்-ஓக் பின்வாசல் வழியாகப் போனாள். 'கை கழுவிட்டு வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை.

அவன் முதல் கணவாயிலேயே மைப்பையைக் குத்திவிட்டான். மூக்கு, கன்னம், சட்டைக் கழுத்து எல்லாம் மை. துடைக்கத் துணி தேடி ஏப்ரன் பாக்கெட்டில் கைவிட்டவன் அப்படியே நின்றான். வெளியே எடுத்தான். அவளுடைய மின்சிகரெட்.

"அக்கா! இதை விட்டுட்டுப் போயிட்டாளே!" பாதி எழுந்துவிட்டான்.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க."

"தேடுவா அக்கா..."

"தேடினா வருவா. வர்ற வரைக்கும் அறுங்க." அவன் அதைத் திரும்பவும் ஏப்ரன் பாக்கெட்டிலேயே போட்டான்.

பின்பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். காய்கிற கணவாய்களுக்கு நடுவே, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் வெறுமனே கிடந்தன. கடலைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்தாள், விட்டாள். ஒன்றையும் தேடவில்லை.

அஞ்சு நிமிஷத்துக்குமேல் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். அவள்மேல் இஞ்சி வாடை இல்லை, புதினா வாடை இல்லை, உப்புக்காற்று மட்டும் அடித்தது. அவன் அறுத்து வைத்த குவியலைப் பார்த்தாள்.

"இது கணவாயா, கந்தல்துணியா?"

"நாளைக்கு நல்லா அறுப்பேன்."

"நாளைக்குமா?"

"நாளைக்கும்."

அவள் அவன் முகத்து மையைக் கையின் பின்புறத்தால் துடைத்துவிட்டு, ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கத்தியை எடுக்கப் போனபோது பாக்கெட்டில் ஏதோ கனமாக இடித்தது. கையை வைத்துத் தடவினாள். அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.